ஒரு கப் தேன் எத்தனை கிராம்? தேன் அளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் குறிப்புகளில் அதிகம் குழப்புகிற பொருள் தேன்தான். ஒரு குறிப்பில் "அரை கப்" என்று இருக்கும், இன்னொன்றில் "170 கிராம்" என்று இருக்கும். இரண்டும் ஒரே அளவுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பல வருடங்களுக்கு முன் ஹனி கேக் செய்யும்போது எனக்கும் தெரியவில்லை. குறிப்பில் 340 கிராம் தேன் என்று இருந்தது. நான் அளவுக் குவளையில் 340 மில்லி கோடு வரை ஊற்றினேன். ஏறக்குறைய 480 கிராம் தேன் மாவுக்குள் போய்விட்டது. மேலே கருகி, நடுவில் குழிந்து, அடியில் பிசுபிசுவென்று ஒரு கேக் வந்தது. மலைத்தேன் வேறு, அதனால் இன்னும் மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அவசரமாகக் கேட்கிறேன், அடுப்பு எரிகிறது. ஒரு கப் தேன் எத்தனை கிராம்?

240 மில்லி பிடிக்கும் கப் என்றால் 340 கிராம். 250 மில்லி கப் என்றால் 355 கிராம். மற்ற அளவுகள்:

1 தேக்கரண்டி (5 மில்லி): 7 கிராம்
1 மேசைக்கரண்டி (15 மில்லி): 21 கிராம்
கால் கப் (60 மில்லி): 85 கிராம்
மூன்றில் ஒரு பங்கு கப் (80 மில்லி): 114 கிராம்
அரை கப் (120 மில்லி): 170 கிராம்
முக்கால் கப் (180 மில்லி): 255 கிராம்

ஒரு கிராம், இரண்டு கிராம் முன்பின் ஆனால் கவலைப்பட வேண்டாம். வீட்டுச் சமையலில் அது தெரியவே தெரியாது.

கேள்வி: தண்ணீர் ஒரு கப் 240 கிராம்தானே? தேன் மட்டும் ஏன் 340?

கப் காட்டுவது இடத்தை, தராசு காட்டுவது கனத்தை. தண்ணீரில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும்: ஒரு மில்லி தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம். இதைப் பழகிப் பழகி, மில்லியும் கிராமும் ஒன்றுதான் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. பால் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும், மில்லிக்கு 1.03 கிராம். அதனால் பாலிலும் இந்தத் தவறு வெளியே தெரியாது.

தேன் அப்படி இல்லை. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சர்க்கரை: பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ், அதோடு குளுக்கோஸ், இன்னும் சில சிறு சர்க்கரைகள். தண்ணீர் 17, 18 சதவீதம்தான் இருக்கும். தேனீக்கள் பூவிலிருந்து நீர்த்த மதுவைத்தான் கொண்டுவருகின்றன. கூட்டுக்குள் சிறகால் விசிறி விசிறி அதன் ஈரத்தைப் போக்குகின்றன. அப்படிச் சுண்டிச் சுண்டி, அவ்வளவு சர்க்கரை அந்தச் சின்ன இடத்துக்குள் நெருங்கி உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு மில்லி தேன் 1.42 கிராம் கனக்கிறது. தேனைத் தண்ணீரில் விட்டால் நேராக அடிக்குப் போவதும் இதனால்தான்.

எண்ணெய் இதற்கு நேர் எதிர். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் மில்லிக்கு 0.92 கிராம் அளவில்தான் இருக்கும். ஒரு கப் எண்ணெய் 220 கிராம். அதே கப்பில் தேன் 340 கிராம்.

கேள்வி: 1.42 என்று மனக்கணக்குப் போட வரவில்லை. சுலபமான வழி உண்டா?

உண்டு. மில்லியிலிருந்து கிராமுக்குப் போக, நூறுக்கு நாற்பது கூட்டுங்கள். 50 மில்லிக்கு 20 கூட்டினால் 70 கிராம். 200 மில்லிக்கு 80 கூட்டினால் 280 கிராம். சரியான விடை 71, 284. சமையலுக்கு இது போதும்.

கிராமிலிருந்து மில்லிக்கு வர 0.7 ஆல் பெருக்குங்கள். 100 கிராம் தேன் 70 மில்லி, அதாவது 4 மேசைக்கரண்டியும் 2 தேக்கரண்டியும். 50 கிராம் என்றால் 2 மேசைக்கரண்டியும் 1 தேக்கரண்டியும். இந்த இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் தராசு இல்லாத வீட்டிலும் பாதிக் குறிப்புகளைச் சமாளித்துவிடலாம்.

பழைய அளவு தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வீசை என்பது 1.4 கிலோ. ஒரு லிட்டர் தேனும் ஏறக்குறைய அவ்வளவுதான். "லிட்டர் தேன் ஒரு வீசை" என்று சொன்னால் என் பாட்டி வயதுக்காரர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் அளவுக் கப் கிடையாது. டம்ளர், கிண்ணம், பழைய ஆழாக்குதான் இருக்கிறது. எப்படிக் கணக்குப் போடுவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் இதற்கான பதில் எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்தும்.

காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். விளிம்பு வரை, அல்லது நீங்கள் வழக்கமாக நிரப்பும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி அந்தப் பாத்திரம் பிடிக்கிறது. அதை 1.42 ஆல் பெருக்கினால் அதே மட்டத்துக்குத் தேன் எத்தனை கிராம் என்று வந்துவிடும். தண்ணீர் 150 கிராம் பிடித்தால் தேன் 213 கிராம். ஒருமுறை பார்த்து, பாத்திரத்தின் அடியில் அழியாத மையால் அந்த எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். பிறகு அந்த டம்ளரே உங்கள் அளவுக் கப்.

ஆழாக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 8 ஆழாக்கு ஒரு படி என்பது வாய்பாடு. இன்றைய அளவில் ஆழாக்கு 168 மில்லி என்று எழுதுவார்கள். அந்தக் கணக்கில் ஓர் ஆழாக்குத் தேன் 239 கிராம். ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பித்தளை ஆழாக்கு எந்த ஊர்ப் படிக்கு அடித்தது என்பதைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி. அதை ஒரு கப் என்று எடுத்துக்கொண்டு கேக் செய்பவர்கள் நிறையப் பேர். அதில் தேன் 255 கிராம்தான் பிடிக்கும், முழு கப்புக்கு 85 கிராம் குறையும்.

கேள்வி: தமிழ்க் குறிப்புகளில் "2 ஸ்பூன் தேன்" என்றுதான் போடுகிறார்கள். எந்த ஸ்பூன்?

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. தேக்கரண்டி என்றால் 2 ஸ்பூன் 14 கிராம். மேசைக்கரண்டி என்றால் 42 கிராம். மூன்று மடங்கு வித்தியாசம். எழுதுபவர் மனதில் ஒரு ஸ்பூன் இருக்கிறது, செய்பவர் கையில் வேறொன்று இருக்கிறது.

நான் இப்படி ஊகிப்பேன். டீ, எலுமிச்சைச் சாறு, கஷாயம், மருந்துப் பொடி என்றால் தேக்கரண்டி. கேக், உருண்டை, பஞ்சாமிர்தம், சாலட் என்றால் மேசைக்கரண்டி. சந்தேகம் இருந்தால் சின்ன ஸ்பூனில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். கூட்டலாம், குறைக்க முடியாது.

வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. டீ கலக்கும் ஸ்பூன் சில வீடுகளில் 3 மில்லிதான் பிடிக்கிறது, சிலவற்றில் 6 மில்லி. இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி: குழந்தைகளின் இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடியில் 5, 10, 15 மில்லி கோடுகள் இருக்கும். 15 மில்லி கோடு வரை தண்ணீர் எடுத்து உங்கள் ஸ்பூனில் ஊற்றிப் பாருங்கள். மூன்று ஸ்பூன் வந்தால் அது சரியான தேக்கரண்டி.

இன்னொன்று: தேன் ஸ்பூனில் மேடாக நிற்கும். தண்ணீர் வழிந்துவிடும், கெட்டித் தேன் குவிந்து உட்காரும். தட்டையாக அளந்தால் 21 கிராம் வரும் மேசைக்கரண்டியில், பாட்டிலுக்குள் விட்டு அள்ளி எடுத்தால் 25 கிராமுக்கு மேலும் வரலாம். அடியில் ஒட்டி வருவதும் சேர்ந்துவிடும். ஸ்பூனால் அளப்பதாக இருந்தால் பாட்டிலைச் சாய்த்து ஸ்பூனுக்குள் ஊற்றுங்கள், அள்ளாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்துச் செய்கிறேன். எந்த நாட்டுக் கப்பை எடுத்துக்கொள்வது?

அமெரிக்கக் கப் 237 மில்லி. கணக்குக்கு 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் ஒரு கப் தேன் சில இடங்களில் 336 என்றும் சில இடங்களில் 340 என்றும் இருக்கும், இரண்டும் சரிதான். ஆஸ்திரேலியாவில் கப் 250 மில்லி. ஆனால் அங்கே மேசைக்கரண்டி 20 மில்லி என்பதைக் கவனியுங்கள், அதில் தேன் 28 கிராம். ஜப்பானியக் குறிப்பில் கப் 200 மில்லி, தேன் 284 கிராம்.

"அவுன்ஸ்" வந்தால் நிறுத்தி யோசியுங்கள். கொள்ளளவுக்கும் அவுன்ஸ் உண்டு, எடைக்கும் அவுன்ஸ் உண்டு. தண்ணீருக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தேனுக்கு ஒரு கொள்ளளவு அவுன்ஸ் 42 கிராம், ஓர் எடை அவுன்ஸ் 28 கிராம். அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் கரடி வடிவத் தேன் பாட்டிலில் 12 அவுன்ஸ் என்று இருந்தால் அது எடை. 340 கிராம், அதாவது சரியாக ஒரு கப்.

கேள்வி: கடையில் தேன் கிராமில் விற்கிறார்கள். ஊர்ப்பக்கம் பாட்டில் கணக்கில் விற்கிறார்கள். விலையை எப்படி ஒப்பிடுவது?

எடைக்கு மாற்றி ஒப்பிடுங்கள். 500 கிராம் பாட்டிலில் இருப்பது 350 மில்லி தேன்தான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரு கிலோ தேன் 704 மில்லி இடத்தில் அடங்கிவிடும்.

மலையடிவாரத்திலும் சந்தையிலும் பழைய கண்ணாடி பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். 750 மில்லி பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தால் 1 கிலோ 65 கிராம் இருக்கும். "பாட்டில் ஒரு கிலோ" என்று அவர்கள் சொல்வது நியாயமான பேச்சு. 650 மில்லி பாட்டில் என்றால் 920 கிராம் அளவில் நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறையத் தந்தால் 1 கிலோ 420 கிராம் தருகிறார்கள். அந்த விலையைக் கடைக் கிலோ விலையோடு நேராக ஒப்பிட்டால் பாவம், விற்பவருக்குத்தான் நஷ்டம். அடர்ந்த காட்டில் பாறைத் தேனெடுக்க உயிரைப் பணயம் வைப்பவர்களின் உழைப்பு அது. கணக்கை ஒழுங்காகப் போட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கேள்வி: எல்லாத் தேனுக்கும் 1.42 தானா? மலைத்தேன், கொசுத்தேன் எல்லாம் ஒன்றா?

ஒன்றில்லை. எடையை முடிவு செய்வது தேனில் இருக்கும் ஈரம். ஈரம் 15 சதவீதம் என்றால் மில்லிக்கு 1.435 கிராம். 18 சதவீதத்தில் 1.417. 20 சதவீதத்தில் 1.40. இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் தேனுக்கு வைத்திருக்கும் ஈர வரம்பு 20 சதவீதம்தான், ஆகவே கடைத்தேன் எல்லாம் 1.40க்கும் 1.44க்கும் நடுவில் இருக்கும். ஒரு கப்புக்கு வித்தியாசம் 10 கிராமுக்குள்தான். நிறம், மணம், ருசி எவ்வளவு மாறினாலும் எடை இந்த அளவுக்குத்தான் மாறும்.

கூட்டிலிருந்து நேராக வடித்த தேன் வேறு. மழைக்காலத்தில், மூடப்படாத அறைகளோடு பிழிந்த தேனில் ஈரம் 20ஐத் தாண்டிவிடும். கொட்டாத சிறு தேனீக்களின் கொசுத்தேன் இயல்பிலேயே நீர்த்தது. அதில் ஈரம் 25, 30 சதவீதம் வரை போகும். அதற்கு மில்லிக்கு 1.36 என்று வைத்துக்கொள்ளலாம். புளிப்பும் தூக்கலாக இருக்கும். கொசுத்தேனைக் கப் கணக்கில் கேக்கில் கொட்ட யாருக்கும் மனம் வராது, கிடைப்பதே கொஞ்சம். ஸ்பூன் கணக்கில் மருந்துக்கு எடுப்பவர்கள் 1 தேக்கரண்டியை 7 கிராம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தேன் உறைந்துவிட்டது. இப்போது அளவு மாறுமா?

எடை மாறாது. 100 கிராம் உறைந்த தேன் உருகினாலும் 100 கிராம்தான். உறைந்த தேனைக் கப்பில் அளப்பதில்தான் சிக்கல்: நடுவில் காற்று இடைவெளி விடும், சமமாக உட்காராது. தராசில் எடைபோடுங்கள், அல்லது உருக்கிவிட்டு அளங்கள்.

உறைவது கெட்டுப்போன அடையாளமும் இல்லை, சர்க்கரை கலந்த அடையாளமும் இல்லை. தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாகிறது, அவ்வளவுதான். குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் சீக்கிரம் உறையும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத் தேன் அந்த வகை. ரப்பர் மரத்தில் பூவை விட, இளந்தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீக்கள் அதிகம் எடுக்கின்றன. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வாங்கி வந்த தேன் கட்டிதட்டினால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரி அளவு வெந்நீரில் பாட்டிலை நிற்க வைத்தால் மெல்ல இளகும். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம், மணம் போய்விடும். வெதுவெதுப்பான தேன் கொஞ்சம் விரிந்திருக்கும். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். கப்புக்கு 4, 5 கிராம். விட்டுவிடலாம்.

கேள்வி: தராசில் தேனை எடைபோட்டாலே கிண்ணம், ஸ்பூன், மேடை எல்லாம் பிசுபிசுக்கிறது.

தேனைத் தனிக் கிண்ணத்தில் எடைபோடாதீர்கள். மாவு கலக்கும் பாத்திரத்தையே தராசில் வைத்து பூஜ்ஜியமாக்கி, அதற்குள் நேராக ஊற்றுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தேன் பாட்டிலைத் தராசில் வையுங்கள். பூஜ்ஜியம் பொத்தானை அழுத்துங்கள். பாட்டிலை எடுத்து மாவில் கொஞ்சம் ஊற்றிவிட்டு மறுபடி தராசில் வையுங்கள். கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். கழித்தல் 85 என்றால் 85 கிராம் தேன் வெளியே போயிருக்கிறது, அதாவது கால் கப். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்றி ஊற்றிப் பார்க்கலாம். ஸ்பூனும் வேண்டாம், கப்பும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நான் தேனைக் கப்பில் அளப்பதையே விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு தேக்கரண்டி அளவுக்குத் தராசை நம்ப வேண்டாம். ஒரு கிராம் ஒரு கிராமாக நகரும் வீட்டுத் தராசுக்கு 7 கிராம் என்பது மிகச் சின்ன எடை. 6 என்றும் காட்டும், 8 என்றும் காட்டும். 15 கிராமுக்குக் கீழே ஸ்பூனே சரி.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் தேன் போட்டால் எத்தனை கிராம்?

ஒரு கப் சர்க்கரை 200 கிராம். அதற்குப் பதிலாக முக்கால் கப் தேன் போடச் சொல்வார்கள். "சர்க்கரையை விடத் தேன் இனிப்பு அதிகம், அதனால் குறைவாகப் போடுகிறோம்" என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. தராசில் வைத்துப் பாருங்கள், கதை வேறு. முக்கால் கப் தேன் 255 கிராம். குறையவில்லை, கூடியிருக்கிறது! அதில் 45 கிராம் தண்ணீர், மீதி 210 கிராம் சர்க்கரைகள். 200 கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய அதே அளவு சர்க்கரைதான் உள்ளே போகிறது. கப்பில் குறைந்தது போலத் தோன்றுவதற்குக் காரணம், தேன் நெருக்கமாக இருப்பதும் சர்க்கரை இடைவெளி விட்டு நிற்பதும்தான்.

இது புரிந்தால் அடுத்த படியும் தானாகப் புரியும். தேனோடு 45 மில்லி தண்ணீர் வருகிறதல்லவா? குறிப்பில் உள்ள பால் அல்லது தண்ணீரில் அந்த 45 மில்லியை, அதாவது 3 மேசைக்கரண்டியைக் குறைத்துவிடுங்கள். தேன் புளிப்புத்தன்மை உள்ளது, ஆகவே கேக்கில் ஒரு கப் தேனுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்ப்பார்கள். தேன் சீக்கிரம் சிவக்கும். ஓவனை 175க்குப் பதில் 160 டிகிரியில் வையுங்கள். என் முதல் கேக் கருகியதற்கு அளவு பாதிக் காரணம், சூடு மீதிக் காரணம்.

கேள்வி: உடம்பு இளைக்கச் சர்க்கரையை விட்டுத் தேனுக்கு மாறியிருக்கிறேன். ஒரு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன்தானே?

கலோரிக் கணக்கில் அது கூடுதலாகிவிடும். 100 கிராமுக்குத் தேன் 304 கலோரி, சர்க்கரை 387. எடைக்கு எடை தேன் குறைவு, உண்மைதான். ஆனால் ஸ்பூனுக்கு ஸ்பூன் பார்த்தால் ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம், 64 கலோரி. ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரை பன்னிரண்டரை கிராம், 48 கலோரி. சர்க்கரை நோய் உள்ளவர்களும் தேனைச் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம் ஊர்ப் பலகாரங்களுக்கு எடைக் கணக்கு சொல்லுங்களேன்.

தினை மாவு உருண்டைக்கு நான் எடுக்கும் அளவு: வறுத்து அரைத்த தினை மாவு 200 கிராம், தேன் 100 கிராம், நெய் 2 மேசைக்கரண்டி, ஏலக்காய். தேனில் முக்கால் பங்கை முதலில் விட்டுப் பிசையுங்கள். மாவின் ஈரத்தைப் பொறுத்து மீதி தேவைப்படலாம், படாமலும் போகலாம்.

பேக்கரி ஹனி கேக்கின் மேல் ஊற்றும் பாகுக்குத் தண்ணீர் 120 மில்லி, சர்க்கரை 50 கிராம், தேன் 60 கிராம். சர்க்கரையும் தண்ணீரும் கொதித்து இறக்கிய பிறகு தேனைச் சேருங்கள். மேலே ஜாமும் தேங்காய்த் துருவலும் வரும், அதனால் பாகு இதைவிட இனிப்பாக வேண்டாம்.

பஞ்சாமிர்தம் என்றால் பழனி நினைவு வராமல் இருக்காது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பிரசாதம் அது. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் சேர்ந்தது. வீட்டில் செய்யும்போது "நாலு ஸ்பூன் தேன்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மேசைக்கரண்டியில் 85 கிராம், தேக்கரண்டியில் 28 கிராம். அரை கிலோ பழத்துக்கு நான் 85 கிராம் போடுகிறேன். தேன் கூடினால் பஞ்சாமிர்தம் தளர்ந்துவிடும்.

தேன் நெல்லிக்கு நெல்லிக்காயும் தேனும் எடைக்கு எடை. அரை கிலோ காய்க்கு அரை கிலோ தேன், அதாவது 350 மில்லி. இங்கே ஒரு எச்சரிக்கை: தேன் நெல்லியின் நீரை வெளியே இழுக்கும். நாலைந்து நாளில் பாட்டிலில் இருக்கும் திரவம் தண்ணீராகத் தெரியும். அந்தத் தேனை வேறு சமையலுக்கு எடுத்தால் 1.42 கணக்கு செல்லாது, கனம் குறைந்திருக்கும். நீர்த்த தேன் புளித்துப் பொங்கவும் செய்யும், ஆகவே காயை ஈரமில்லாமல் துடைத்துப் போடுங்கள்.

தேன் மிட்டாய்க்கு எவ்வளவு தேன் என்றும் கேட்கிறார்கள். தேனே கிடையாது. இட்லி அரிசி, உளுந்து மாவைப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறப் போடுவது அது. கடித்ததும் பாகு வழிவதால் வந்த பெயர்.

கேள்வி: எடைபோட்டுத் தேன் சுத்தமா, கலப்படமா என்று கண்டுபிடிக்கலாமா?

தண்ணீர் கலந்திருந்தால் ஓரளவு தெரியும். 100 மில்லி தேன் 130 கிராம்தான் வருகிறதென்றால் அதில் நிறைய நீர் இருக்கிறது. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அடர்த்தியே 27 டிகிரியில் 1.35. ஆனால் 138க்கும் 142க்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், வீட்டுக் கப்பின் பிழையே அவ்வளவு இருக்கும்.

சர்க்கரைப் பாகு கலந்திருந்தால் தராசுக்குத் தெரியாது. கெட்டிப் பாகும் தேன் போலவே கனக்கும், தேன் போலவே தண்ணீரில் அடிக்குப் போகும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், ஆய்வகச் சோதனைகளையே தாண்டிவிடும்படி தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகுகள் தேனில் கலக்கப்படுவதாக வெளியிட்டது. ஆய்வகத்தையே ஏய்க்கும் பாகை டம்ளர் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்குக் கொடுக்க எத்தனை கிராம்?

ஒரு வயது நிறையும் வரை ஒரு சொட்டும் வேண்டாம். சேனை வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, பெரியவர்கள் ஆசையோடு நாக்கில் தேன் தொட்டு வைப்பார்கள். தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சு சுரந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சினாலும் வித்து சாகாது. அளவைக் குறைத்தால் பரவாயில்லை என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

கேள்வி: கருப்பட்டிப் பாகு, மேப்பிள் சிரப், கண்டென்ஸ்டு மில்க்குக்கும் இதே கணக்கா?

கோல்டன் சிரப் தேனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும், அதே கணக்கைப் போடலாம். மேப்பிள் சிரப் சற்று லேசு, மில்லிக்கு 1.32 கிராம். கண்டென்ஸ்டு மில்க் 1.3 அளவில். வீட்டில் காய்ச்சும் வெல்லப் பாகுக்கும் கருப்பட்டிப் பாகுக்கும் நிலையான எண் கிடையாது. கம்பிப் பதத்துக்கு ஒன்று, பிசுக்குப் பதத்துக்கு ஒன்று. எடைதான் ஒரே வழி.

கேள்வி: கப்பில் அளந்துதான் பழக்கம். ஒட்டிக்கொண்டு மிஞ்சும் தேனை என்ன செய்வது?

குறிப்பில் எண்ணெய் இருந்தால் அதை முதலில் அளந்துவிட்டு, அதே கப்பில் தேனை அளங்கள், வழுக்கிக்கொண்டு விழும். எண்ணெய் இல்லாவிட்டால் கப்பின் உட்புறம் இரண்டு சொட்டு எண்ணெய் தடவுங்கள். ஒன்றும் செய்யாமல் ஊற்றினால் கப்பில் ஒட்டி நிற்பது ஒரு தேக்கரண்டிக்குக் குறையாது. அப்படி நின்றுவிட்டால், குறிப்பில் வரும் பாலையோ தண்ணீரையோ வெதுவெதுப்பாக்கி அந்தக் கப்பில் ஊற்றி, சுழற்றி, மாவில் சேர்த்துவிடுங்கள்.